இனியாவின் வயது

அந்தப் பெண்ணுக்குப் பதின்மூன்று வயது என்றால் எப்படி நம்புவது? பொள்ளாச்சிப் பள்ளி மைதானத்தின் வேலியோரம் நின்றபடி அன்புமணி எழிலை மேலும் கீழும் பார்த்தான். அவள் உயரம் தாண்டும் கம்பத்தருகே நின்று தலைமுடியை ரப்பர் பேண்டில் இறுக்கிக்கொண்டிருந்தாள். குறுக்கே வைத்திருந்த கம்பு அவள் இடுப்புக்கு வந்தது. அதே கம்பு அவன் தங்கை இனியாவின் நெஞ்சுக்கு வந்தது. இருவரும் எட்டாம் வகுப்பு. இருவரும் பதினாலு வயதுக்கு உட்பட்ட பெண்கள் பிரிவு.

எழில் ஓடி வந்தாள். வேலி தாண்டும் ஆட்டுக்குட்டி மாதிரி கம்பைத் தாண்டி மணலில் விழுந்து, எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். இனியா ஓடி வந்தாள். கம்பு விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை கம்போடு சேர்ந்து அவளும் விழுந்தாள். "கிணத்துக்கடவு அவுட்" என்று அவள் ஊர்ப் பெயரைச் சொன்னார் நடுவர்.

கடைசி இடம். போன வருடமும் கடைசி. அதற்கு முந்திய வருடமும் கடைசி.

திரும்பும் பஸ்ஸில் இனியா ஜன்னலோரம் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த மணலை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தாள். பஸ் கோவில்பாளையம் தாண்டியதும் பேசினாள்.

"அண்ணா, பீளமேட்டுல ஒரு போட்டி இருக்குதுல்ல? அதோட நிறுத்திக்கறேன்."

"எதை?"

"தாண்டறதை. அதுலயும் கடைசியா வந்தா அவ்வளவுதான். எனக்கு வரலீண்ணா. வராததைப் போட்டு எதுக்குக் குத்திக்கிட்டு இருக்கோணும்?"

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் அன்புமணி தேற்றியிருப்பான். கணக்கு முடித்த மாதிரி அவள் சொன்னதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

இனியா அவனுக்குச் சித்தப்பா மகள். அவன் பிறந்து வளர்ந்தது தொண்டாமுத்தூரில். சித்தப்பா கல்யாணமான கையோடு அண்ணன் தம்பிச் சண்டையில் பிரிந்து கிணத்துக்கடவுக்கு வந்துவிட்டார். அதன்பிறகு அவர்களைக் கல்யாணத்திலும் கருமாதியிலும் பார்த்தால் உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் சித்தப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். "சித்தி தனியா கெடக்குது, நீ அங்க தங்கி வேலைக்குப் போ" என்று அவன் அப்பா அனுப்பிவைத்தார். பகலில் பீளமேட்டில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் ஸ்டோர் வேலை. சாயங்காலம் அங்கேயே மாலைக் கல்லூரியில் பி.காம். சித்தி பாவாத்தாள் தென்னை நார் அடிக்கும் மஞ்சிக் களத்தில் வேலை செய்தாள்.

அந்தக் களத்தில்தான் இனியா தாண்டப் பழகினாள். காயப்போட்ட மஞ்சியை விடிகாலையில் அள்ளிக் குவித்து மெத்தையாக்கி, இரண்டு முளைகளை நட்டு, குறுக்கே மூங்கிலை வைத்துக்கொள்வாள். பள்ளிக்கு நேரமாகும்வரை தாண்டுவாள். தலையெல்லாம் நார்த்தூள், தொண்டையெல்லாம் அரிப்பு. மழை பெய்து மஞ்சி நனைந்த நாளில் மட்டும் ஓட்டம். ரசாக் சார் சொன்ன உடற்பயிற்சி ஒன்றையும் விட்டதில்லை. முட்டை சாப்பிடச் சொன்னார். மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள்.

இவ்வளவும் செய்கிற பிள்ளைக்கு ஏன் வரவில்லை?

அன்புமணி எதையும் ஒழுங்காக ஒன்றன்பின் ஒன்றாக யோசிக்கிறவன். யோசித்து முடித்ததும் தான் யோசித்தது சரிதானா என்று மறுபடி முதலிலிருந்து யோசிக்கிறவனும்கூட. முதலில் முட்டையைச் சந்தேகப்பட்டான், யாருக்காவது கொடுத்துவிடுகிறாளோ என்று. கொடுக்கவில்லை. பிறகு பயிற்சியையே சந்தேகப்பட்டான். ஒரு நாள் விடியுமுன் களத்துக்குப் போய் மட்டைக் குவியலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தான். பனியில் அவள் தனியாக ஓடி வந்து தாண்டி விழுந்து, தும்மி, எழுந்து, மறுபடி நடந்து போய்க்கொண்டிருந்தாள். அவனுக்கு வெட்கமாகப் போயிற்று. சத்தம் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டான்.

உழைப்பில் குறையில்லை என்று ஆனபிறகு அவனுக்கு ஒரே ஒரு விடைதான் மிஞ்சியது. அவன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் காட்டில் பாடுபட்டவர்கள்தான். பாடு இங்கே, விளைச்சல் அங்கே என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவன் தாய்ப்பாலோடு குடித்த பாடம். இங்கேயும் யாரோ கை வைக்கிறார்கள். யார்?

எழில்தான் என்று பொள்ளாச்சியில் முடிவாயிற்று. வயதைக் குறைத்துக் காட்டிப் பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைகளோடு இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

எழிலின் அப்பா வேலுமணி பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். அன்புமணியின் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தேய்ந்துபோன பம்ப் வளையம் ஒன்றை, புஷ் என்பார்கள், பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.

"ஏனுங்க, இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு குடுப்பீங்களா?"

"வாங்க தம்பி. உக்காருங்க." வேலுமணி குட்டையான மனிதர். கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு புஷ்ஷை வாங்கிப் பார்த்தார். "இது கடையறதுக்குப் புதுசே வாங்கிப்போடலாமுங்களே?"

"சும்மா விலை கேக்கத்தானுங்க வந்தேன்." அன்புமணிக்கு வியர்த்தது. "உங்க புள்ளை ஒசரம் தாண்டறதைப் பொள்ளாச்சில பாத்தனுங்க."

அவ்வளவுதான், வேலுமணியின் முகம் மலர்ந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார். எதிர் பேக்கரியைப் பார்த்து, "ரெண்டு டீ! ஒண்ணு ஸ்ட்ராங்கா!" என்று கத்தினார்.

"நம்ம எழிலைப் பாத்தீங்களா! நல்லாத் தாண்டுனாளா?"

"நல்ல ஒசரமுங்க. உங்களைப் பாத்தா..."

"என்னைப் பாத்தா நம்ப முடியலைங்கறீங்க." அவர் வாய்விட்டுச் சிரித்தார். "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. அது எங்கூட்டுக்காரி வகையறா தம்பி. எம் மச்சான் எங்கூட்டுக்கு வந்தா நிலைப்படி தப்பாது. எப்படியும் ஒரு இடி இடிச்சுட்டுத்தான் உள்ள வருவான்."

"என்ன வயசாகுதுங்க?"

"பதிமூணு. வர்ற ஆடிக்குப் பதினாலு."

பட்டென்று வந்தது பதில். அதுவே அன்புமணிக்குப் போதுமாக இருந்தது. எந்த அப்பன் மகள் வயதை இப்படி நாக்கு நுனியில் வைத்திருப்பான்? யோசித்துச் சொன்னால் அது வேறு. இது மனப்பாடம் செய்த பதில். டீயைக் குடித்துவிட்டுத் தெருவுக்கு வந்ததும் இன்னொரு எண்ணம் வந்தது. அவர் தயங்கியிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன்? பொய் சொல்லத் தடுமாறுகிறார் என்றுதானே? இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு என்றால் எதற்குக் கேட்கப் போனேன்? இந்தக் கேள்வி கல்லூரி வாசல்வரை கூடவே வந்தது. வகுப்பில் உட்கார்ந்ததும் அதை ஒதுக்கிவைத்தான். போட்டிக்கு அதிக நாள் இல்லை.

சனிக்கிழமை இனியாவின் பள்ளிக்குப் போனான். ரசாக் சார் விளையாட்டு ஆசிரியர். விசிலைக் கழுத்தில் மாட்டியபடி, பிய்ந்துபோன வாலிபால் வலையைத் தரையில் விரித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அந்த எழிலு வயசு பொய்யிங்க. நாம புகார் குடுக்கோணும்."

"எதை வெச்சுச் சொல்றே?"

அன்புமணி வரிசையாகச் சொன்னான். உயரம், கால், குட்டையான அப்பா, பட்டென்று வந்த பதில். ரசாக் சார் முடிச்சை விட்டுவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏப்பா, நீ பி.காம் படிக்கறயா, போலீஸ் வேலைக்குப் படிக்கறயா?"

"வெளையாட்டில்லீங்க சார். நீங்களும் அவங்கப்பாவும் பேக்கரில உக்காந்து பேசிட்டிருந்ததை நான் பாத்தனுங்க."

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. ரசாக் சாரின் முகம் சுருங்கியது.

"பேசுனோம். தேங்கா பன்னு தின்னோம். காசு அவருதான் குடுத்தாரு. அதையும் உன் புகார்ல சேத்துக்க." வலையை மறுபடி கையில் எடுத்தார். "மூணு வருசமா உன் தங்கச்சிக்கு நான்தான் சொல்லித் தரேன். அவளாட்டம் பாடுபடற புள்ளைய நான் பாத்ததில்லை. ஏன் வரலைன்னு எனக்கும் தெரியலை. தெரியாதுன்னா தெரியாதுன்னு இருக்கேன். உனக்கு மட்டும் யாராவது ஒரு திருடன் வேணும்."

அன்புமணி தலை குனிந்து நின்றான். ஆனால் நகரவில்லை.

"சரி," என்றார் ரசாக் சார் கடைசியில். "புகார்னு வந்தா அந்தப் போட்டில தாண்டற எல்லாப் புள்ளைகளையும் டாக்டர் பாப்பாங்க. ஒருத்தியை மட்டும் கூப்பிட்டு நிறுத்துனா அந்தப் புள்ளை மனசு என்னாகும், அதுக்காக. பல்லைப் பாத்தே வயசு சொல்லிருவாங்க. உன் தங்கச்சியையும் பாப்பாங்க. பரவாயில்லையா?"

"நல்லாப் பாக்கட்டுங்க. நமக்கென்னுங்க பயம்?"

புகார் போயிற்று. போட்டிக்கு முந்தின நாள் இரவு இதை வீட்டில் சொன்னான். சித்தி அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பல்லைப் பாத்து வயசு கண்டுபுடிக்கப் போறாங்க சித்தி. அந்தப் புள்ளையோட குட்டு வெளிய வந்துரும்."

"வயசை எதுக்குப் பாக்கறாங்க?"

"வயசு பிரிச்சுத்தானே வெளையாட உடறாங்க? பதினாலுக்குள்ள ஒரு பிரிவு, அதுக்கு மேல ஒரு பிரிவு."

சித்தியின் கை நின்றது. "எல்லாப் புள்ளைகளையுமா பாப்பாங்க? நம்ம புள்ளையவுமா?"

"ஆமாங்க."

"எதுக்குச் சாமி அடுத்தவங்க பொல்லாப்பு? அந்தப் புகாரைத் திருப்பி வாங்கிப்போடு."

"ஏன் சித்தி?"

"வேண்டாம்னா உடு" என்றாள். உரித்த வெங்காயத்தையே எடுத்து மறுபடி உரித்தாள்.

காலையில் அவன் புறப்படும்போது சித்தி நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வாரேன்." மூன்று வருடத்தில் ஒரு போட்டிக்கும் வராதவள். ஒரு நாள் களத்துக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பவள். இன்றைக்கு மட்டும் ஏன்?

பஸ்ஸில் நின்றுகொண்டே அன்புமணி அந்தக் கேள்வியைப் பிடித்துத் தொங்கினான். பஸ் மலுமிச்சம்பட்டியில் நின்று கிளம்பும்போது விடை கிடைத்துவிட்டது. வயதைக் குறைத்துக் காட்டியது வேலுமணி இல்லை. சித்தி. இனியாவுக்குப் பதினைந்து வயதாவது இருக்க வேண்டும். அவள் பிறந்ததை யார் பார்த்தது? அண்ணன் தம்பி பேசிக்கொள்ளாத காலம் அது. தொண்டாமுத்தூருக்குத் தகவல்கூட வரவில்லை.

முன் சீட்டில் சித்தியின் தோளில் சாய்ந்திருந்த இனியாவை அவன் பார்த்தான். எழிலைப் பார்த்த அதே பார்வை. குச்சிக் கைகள். ஆனால் சாப்பாடு போதாத பிள்ளைகள் வயதுக்கு வளர்வதில்லையே. நெற்றியில் முதிர்ச்சி தெரிகிறதோ? பேச்சுகூடச் சில நேரம் பெரிய மனுசி மாதிரிதானே இருக்கிறது?

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னண்ணா?"

"ஒண்ணுமில்லை. நீ மொத மொத ஸ்கூலுக்குப் போனது ஞாபகம் இருக்குதா?"

"அழுதது ஞாபகமிருக்குது." கொஞ்சம் யோசித்தாள். "ஏண்ணா, இன்னைக்கு நான் கடைசியா வரமாட்டேன்னு தோணுதா உனக்கு?"

சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீளமேட்டில் ஒரு கல்லூரி மைதானத்தில் போட்டி. மணல் குழிக்குப் பதில் மெத்தை போட்டிருந்தார்கள். ஷாமியானாவுக்குக் கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, பல் டாக்டர் சாந்தாமணி. உயரம் தாண்டும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். எழில் முதலில் போனாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, தோளில் தட்டி அனுப்பினார்.

"சரியா இருக்கு. பதிமூணு, பதிமூணரை."

வேலுமணி ஷாமியானாக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. யார் மகள்மேல் புகார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்புமணி அவர் கண்ணில் படாமல் கூட்டத்துக்குள் நகர்ந்தான்.

இனியாவின் முறை வந்தது. டாக்டர் பார்த்தார். மறுபடி பார்த்தார். கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தார்.

"உன் பேர் என்ன கண்ணு?"

"இனியாங்க."

"எத்தனாவது படிக்கறே?"

"எட்டாவதுங்க."

டாக்டர் போட்டிச் செயலாளரைக் கைகாட்டி அழைத்தார். வந்துவிட்டது. பதினைந்து, பதினாறு என்று சொல்லப் போகிறார்கள். மூன்று வருடம் ஏமாற்றியும் கடைசியில் வந்த பிள்ளை என்று சிரிக்கப் போகிறார்கள்.

"இந்தச் சான்றிதழ் இந்தப் பொண்ணோடது இல்லை" என்றார் டாக்டர். "பின்னால ரெண்டாவது கடைவாய்ப்பல் இன்னும் தலையே காட்டலை. பால் பல்லு ஒண்ணு இப்பத்தான் ஆடிக்கிட்டு இருக்கு. இதுக்குப் பதினொண்ணரை இருந்தா அதிகம்."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப யாரு பேர்ல யாரு வந்து நிக்கறது? ரசாக் சார்! என்ன சார் இது? ஆளை மாத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

சுற்றி நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். எல்லோருடைய பார்வையும் ஒரே மாதிரி இருந்தது. இனியாவின் கால், கை, முகம் என்று இறங்கி ஏறியது. அது எந்தப் பார்வை என்று அன்புமணிக்குத் தெரியும். ரசாக் சார், "இவ எம் புள்ளைங்க, மூணு வருசமா..." என்று தொடங்கியதைச் செயலாளர் கேட்கத் தயாராக இல்லை.

"இது இனியாதாங்க!"

கத்தியது எழில். "நாங்க எல்லாப் போட்டிக்கும் ஒண்ணாத்தான் வருவோம். எப்பவும் இவதான் கடைசியா வருவா. வேணும்னா யாரை வேணாலும் கேளுங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இனியாவின் முகம் சிவந்தது. ஆனால் மற்ற பெண்களும், "ஆமாங்க சார், கடைசியா வர்றது இவதான்" என்று சேர்ந்துகொண்டார்கள். அதைவிட உறுதியான சாட்சி வேறில்லை என்று செயலாளருக்கும் பட்டது போலும். "ஆள் சரின்னா வயசு எப்படித் தப்பாகும்?" என்றார்.

அப்போதுதான் சித்தி பாவாத்தாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தப்பு எம்மேலதானுங்க. புள்ளையை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

"நீங்க யாரும்மா?"

"பெத்தவளுங்க. நாலு வயசுகூட நெறையலீங்க, நாந்தான் கொண்டுபோய் ஒண்ணாப்புல சேத்துட்டேன். களத்துக்கு வேலைக்குப் போகோணும். கைப்புள்ளையாட்டம் இதையும் கூட்டிட்டுப் போனா மேஸ்திரி உடமாட்டேன்னுட்டாரு. மட்டை ஊறவெக்கற குழியில ஒருக்கா விழுகப் பாத்துச்சு. ஸ்கூல்ல போட்டா மத்தியானம் ஒரு வாய் சோறும் போட்டுருவாங்க."

"காது தொடச் சொல்லிருப்பாங்களே?" என்றார் செயலாளர்.

"சொன்னாங்க. கையைத் தலைக்கு மேல போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடுன்னாரு பெரிய வாத்தியாரு. எட்டலீங்க. நான் பின்னால நின்னு பொட்டு வெக்கறாப்புல தலையச் சாய்ச்சுப் புடிச்சேன். அப்பவும் நுனிவிரல்தான் பட்டுச்சு. அவரு பாத்தும் பாக்காதவராட்டம், அஞ்சு முடிஞ்சுதுன்னு எழுதிக்கிட்டாரு." அவள் இனியாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வயசு பாத்துத்தான் தாண்ட உடறாங்கன்னு எனக்கு எப்பங்க தெரியும்? நேத்துத்தான் தெரியும். மூணு வருசமா இது தன்னைவிடப் பெரிய புள்ளைங்களோட மல்லுக்கட்டி விழுந்து விழுந்து எந்திரிச்சிருக்குது. ஏண்டி வரலைன்னு நானே வைஞ்சிருக்கேன்."

பிறகு வேலுமணி தொண்டையைச் செருமினார்.

"என்னைச் சேக்கறப்ப எங்கப்பன் தலையச் சாய்க்கலீங்க, காதைப் புடிச்சு மேல இழுத்தாரு. அப்பவும் எட்டாம அடுத்த வருசந்தான் சேந்தேன்."

செயலாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வயசு கூடுனாத்தான் நம்ம விதில எடமில்லை. கம்மியா இருந்தாத் தாண்டட்டும். போங்க, போங்க, நேரமாச்சு."

கூட்டம் கலைந்தது. வேலுமணி அன்புமணியின் பக்கத்தில் வந்து நின்றார்.

"அன்னைக்கு புஷ் கடையறதுக்கு வரலீங்கல்ல தம்பி?"

"இல்லீங்க" என்றான் அன்புமணி.

"கேட்டிருந்தா நானே சான்றிதழைக் காட்டியிருப்பனே. டீயையும் குடிச்சுப்போட்டு..." மேலே சொல்லாமல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போட்டி தொடங்கியது. இனியா முதல் உயரத்தைத் தாண்டினாள். இரண்டாவதில் கம்பு மூன்று முறையும் விழுந்தது. வழக்கமாக விழும் அதே உயரம். கடைசி இடம். அன்புமணி மெத்தையை நோக்கி ஓடினான், அழுவாள் என்று. அவள் அழவில்லை. மெத்தையில் உட்கார்ந்தபடியே ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நெசமாவே எனக்குப் பதினொண்ணா?"

"பதினொண்ணரை."

"அப்ப ஆறாவது படிக்கற புள்ளைங்க என் வயசா?"

"ஆமா."

"எங்க ஸ்கூல் ஆறாவதுல ஒருத்திகூட நான் தாண்டுன ஒசரத்தைத் தாண்ட மாட்டா." சொல்லிவிட்டு அவளே அதை ஒரு தடவை மெல்ல யோசித்துப் பார்த்தாள். "அப்ப எனக்கு வராம இல்லை."

ரசாக் சார் வந்து மெத்தையின் ஓரத்தில் குந்தினார். "அடுத்த வருசம் சான்றிதழ்படி இவளுக்குப் பதினாலு. மேல் பிரிவுக்குப் போயிருவா. பத்தாவது படிக்கறவ, பதினொண்ணாவது படிக்கறவளோடதான் தாண்டோணும்."

"தேதியை மாத்த முடியுங்களா சார்?"

"முடியும். ஸ்கூல்ல மனு குடுக்கோணும், அப்புறம் கோர்ட்டுக்குப் போகோணும். ஆனா ஒண்ணு. வெளையாடற புள்ளைக்கு வயசைக் கொறைக்கோணும்னு வர்றவன் எல்லாம் திருட்டுப் பயலுகதான். நீயும் அதைத்தான் கேட்டுப் போய் நிக்கப் போறே. ஒருத்தரும் நம்பமாட்டாங்க. கேள்வி மேல கேள்வி கேப்பாங்க. ஒரு ஆபீஸ் விடாம உன்னைத் திருடனைப் பாக்கறாப்பல பாப்பாங்க. அதுக்கு நீ தயாரா?"

அன்புமணி இனியாவைப் பார்த்தான். "நீ என்ன சொல்றே?"

"மாத்துனா அடுத்த வருசமும் இந்தப் பிரிவுலயே தாண்டலாமா?"

"தாண்டலாம்."

"அப்ப மாத்துண்ணா. நான் நிறுத்தலை."

அம்மாவுக்காகச் சொல்கிறாளோ, தனக்காகச் சொல்கிறாளோ, அல்லது அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாளோ? அன்புமணிக்குச் சட்டென்று அந்தச் சந்தேகம் வந்தது. அதை யோசித்து முடிக்க நேரம் தராமல், அவள் எழுந்து எழிலின் அடுத்த தாண்டலைப் பார்க்க ஓடிவிட்டாள்.

அடுத்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் பள்ளி அலுவலகத்துக்குப் போனான். பள்ளி விட்ட நேரம் என்பதால் இனியாவும் கூட வந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்கி முதல் வரியை மட்டும் படித்தார்.

"வயசைக் கொறைக்கோணும்."

"ஆமாங்க."

"புள்ளை வெளையாடுதா?"

"ஒசரம் தாண்டுதுங்க."

"அதானே பாத்தேன்." அவர் மனுவை மடித்தார். அன்புமணியைச் செருப்பிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு இனியாவை. "யாரு தம்பி சொல்லிக்குடுத்தது இந்த வேலையெல்லாம்?"

"யாரும் சொல்லிக்குடுக்கலீங்க."

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. புள்ளையோட அம்மாவைக் கூட்டிட்டுத் திங்கக்கெழமை வாங்க. ஹெட்மாஸ்டர் இருக்கறப்ப வந்து சொல்லுங்க, அவரு நம்பறாரான்னு பாப்போம்."

அன்புமணிக்கு முகம் சுட்டது. நான் திருடனில்லை என்று சொல்ல வாயெடுத்தான். எப்படிச் சொன்னாலும் திருடன் சொல்வது போலத்தான் இருக்கும் என்று தோன்றியதால், "வர்றோமுங்க" என்று மட்டும் சொன்னான்.

வராண்டாவுக்கு வந்ததும் இனியா கேட்டாள்.

"அவரு நம்மளை நம்பலையாண்ணா?"

"நம்பலை."

"திங்கக்கெழமையும் நம்பலைன்னா?"

"மறுபடி வரலாம்."

அவள் தலையாட்டினாள். மைதானத்தில் ரசாக் சார் கம்பங்களை நட்டுக்கொண்டிருந்தார். பையை அவன் கையில் திணித்துவிட்டு, பாவாடையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அவள் அங்கே ஓடினாள்.